ஹாமுக்கும் உப்பு தடவினேன்

மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் கிறிஸ்துமஸ் விருந்துக்கு முதல்முறையாக மலேசியாவில் எங்கள் ஊரான கோலா கெத்திலுக்கு வந்தார்கள். பன்றித்தொடை ஹாம் செய்து அசத்துகிறேன் என்று நான்தான் மார்தட்டினேன். வீட்டுக்கு வரும் எந்த இறைச்சிக்கும் செய்வதுபோல, முழு ஹாமையும் கீறி உப்பும் மஞ்சளும் தடவி இரவெல்லாம் ஊறவைத்தேன். காலையில் தேனும் அன்னாசிச் சாறும் பூசி ஓவனில் சுட்டேன். பளபளவென்று வந்தது. ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். கடலையே விழுங்கியதுபோல் இருந்தது. அதே நேரம் வாசலில் அவர்கள் கார் வந்து நின்றது.

மனைவி ருசி பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஹாம் உப்புல ஊறித்தானேங்க கடைக்கே வருது! போங்க, அவங்ககிட்ட பேச்சு கொடுங்க. கிச்சன் பக்கம் வந்துடாதீங்க!"

ஹாலில் உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசினேன். உப்பு இறங்க ஹாமை வேகவைத்த கொதிநீரோடு நான் பூசிய தேனெல்லாம் சிங்க்கில் ஊற்றப்படும் சத்தம் கேட்டது.

கடைசியில் ஹாமைத் துண்டு போட்டு, உருளைக்கிழங்கு சேர்த்த பிரட்டலாக மேசைக்கு வந்தது.

"என்ன அண்ணே, ஹாம்னு சொன்னீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"இது எங்க ஊரு ஹாம் லா!" என்றேன். மகள் முறைத்தாள். அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போதெல்லாம் ஹாம் வாங்கினால், முதலில் ஒரு துண்டை வேகவைத்துத் தின்று பார்க்கிறேன். உப்பு டப்பாவை மனைவியைக் கேட்காமல் தொடுவதில்லை.