எதிர்காற்றில் பதினைந்தே முக்கால் மணி நேரம்

முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவரை டிப்போவில் எல்லோரும் 'மீட்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த இடத்தைச் சொன்னாலும் எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார். மகள் வாழப்போன ஊரின் தூரத்தை மட்டும் அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால் மனசு விட்டுப்போகும் என்ற பயம்.

மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிரசவமான ஐந்தாம் நாள் மகள் போனில் அழுதாள்.

"அம்மா இருந்திருந்தா ஓடி வந்திருப்பாங்கப்பா."

"நான் வந்தா ஆகாதா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மகள் மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்குக் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியுமா?"

"கத்துக்கிட்டு வரேன்."

விசா வர ஒரு மாதம் பிடித்தது. அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்மணி, மூன்று பிள்ளை பெற்றவர், ஒரு தலையணையை அவர் கையில் கொடுத்துப் பழக்கினார். "தலையைத் தாங்குங்க அண்ணே! ஸ்டியரிங் மாதிரி இறுக்கிப் பிடிக்காதீங்க!"

டிக்கெட் போட்ட பெண் கணினியைப் பார்த்துச் சொன்னாள். "பதிமூணாயிரத்து நானூறு கிலோமீட்டர் சார். நேரா ஒரே விமானம். போக பதினஞ்சே முக்கால் மணி நேரம், வர பதினாலரை."

"தூரம் ஒண்ணுதானேம்மா?"

"போகும்போது எதிர்காத்து சார்."

அவர் தலையாட்டினார். ஆற்றுப் பாலத்தில் எதிர்காற்றில் வண்டி திணறுவதை அவர் அறியாதவரா?

விமானத்தில் ஒரு பொட்டுத் தூக்கமில்லை. முன்னிருக்கைத் திரையில் குட்டி விமானம் கடலின் மேல் எறும்பாய் ஊர்ந்தது. குலுங்கும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. இவ்வளவு தூரத்தையும் மகள் இருபத்து மூன்று வயதில் தனியாகக் கடந்தாள். அன்று அவர் லீவு போடவில்லை. வழியனுப்பப் போனது அவள் அம்மா மட்டும்தான். அவர் கால் மறுபடியும் பிரேக்கைத் தேடியது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "பயமா இருக்கா?" என்றார்.

"இல்லீங்க. கொஞ்சம் லேட்டாப் போறேன், அதான்."

தரையிறங்கியதும் வாசலில் நின்ற விமானியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பிரேக்கைப் பூ மாதிரிப் போட்டீங்க தம்பி." விமானி வாய்விட்டுச் சிரித்தார்.

மருமகன் வந்து வீட்டுக்கு அழைத்துப்போனார். மகள் இளைத்து, கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தாள். அவர் கையைக் கழுவிவிட்டு வெந்நீரைப் புறங்கையில் சூடு பார்த்தார். குழந்தையின் தலை அவர் உள்ளங்கையில் அடங்கியது. முதலில் வீல் என்று கத்தியது. இரண்டு குவளைத் தண்ணீர் மேலே விழுந்ததும் அடங்கி, அவர் முகத்தையே பார்த்தது.

துண்டோடு நின்ற மகள் மெல்லச் சொன்னாள். "எனக்கு நீங்க ஒரு நாளும் தண்ணி ஊத்துனதில்லப்பா."

"விடியறதுக்குள்ள வண்டி எடுக்கணுமேம்மா."

"தெரியும்ப்பா."

அவள் அவர் தோளில் நெற்றியைச் சாய்த்தாள். ஈரக் கையை எடுக்க முடியாமல் அவர் அப்படியே குனிந்திருந்தார். பிறகு அவள் போய்ப் படுத்தாள். மாலை வரை அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள்.

அவர் வாங்கி வந்தது ஒரு மாதத்தில் திரும்பும் டிக்கெட். அவரைக் கேட்காமலே மகள் அதை மூன்று மாதமாக மாற்றிவிட்டாள். மருமகன் சொல்லித்தான் அவருக்கே தெரிந்தது.