பூவராகன் பேரில் ஒரு குடி கேஸ்

பூவராகன் குடித்துவிட்டு வேன் ஓட்டினாராம். அதைக் கோர்ட்டில் நின்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாராம். வடலூர்ப் பக்கம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், சொன்னவனைத்தான் குடித்திருக்கிறாயா என்று கேட்பார்கள். மாதப் பூசம் தவறாமல் சபையில் போய் நிற்கிற மனுஷன். கல்யாண வீட்டில் கறிச்சோறு என்றால் ஒரு டம்ளர் மோரை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பி வருகிற ஆள். பீடி கூடக் கிடையாது. கெட்ட பழக்கம் என்று அவரிடம் ஒன்று இருந்தால் அது கோபம்தான். அது சொல்லி மாளாது.

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேனை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் காலையில் போய் நின்றால், பாதித் தூக்கத்தில் இருக்கிற எல்.கே.ஜி. பிள்ளைகளைத் தாய்மார்கள் அவர் கையில்தான் கொடுப்பார்கள். சொந்த வேனை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, இனி டூரிஸ்ட்டும் வேண்டாம் ராத்திரிச் சவாரியும் வேண்டாம் என்று இந்த வேலைக்கு வந்தவர். பிள்ளைகள் அவரை வேன் தாத்தா என்பார்கள். எனக்கு என்னடா வயசாயிடுச்சு என்று அதற்கும் கத்துவார். ஆனால் அந்த வேலை அவருக்கு உயிர்.

கோடை லீவு முடிகிற நேரம். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு படத்தைப் போட்டார்கள். கோர்ட்டு இணையதளத்தில் பேரையும் வருஷத்தையும் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே, அந்தப் பக்கம். பூவராகன், தகப்பன் பெயர், வேன் நம்பர், இரண்டாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், குடிபோதையில் வாகனம் ஓட்டியது, குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம், வழக்கு முடிந்தது. கீழே ஒரு தகப்பனார் எழுதியிருந்தார்: 'இவரிடமா நம் குழந்தைகளை அனுப்புகிறோம்?'

பள்ளிக்கூடத்தின் தாளாளர் பிரிசில்லா மேடம் அவரைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் காட்டினார். பூவராகன் போனைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"எவன் மேடம் இதப் போட்டவன்? அவன் நல்லாருப்பானா?"

"போட்டவரு மேல கோவப்பட்டு என்ன ஆகப்போவுது? கோர்ட்டு ரெக்கார்டு இது. தப்புன்னா, தப்புன்னு ஒரு பேப்பர் கொண்டாங்க. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள கொண்டாங்க. அதுவரைக்கும் நான் வேற டிரைவர் போட மாட்டேன்."

ஒரு பேப்பர். அவ்வளவுதானே என்று கிளம்பினார் பாவி மனுஷன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் சொன்னார்கள், லைசென்ஸில் ஒன்றும் ஏறவில்லை, எங்களுக்குத் தெரியாது, போலீசைக் கேளுங்கள். போலீசில் சொன்னார்கள், ஆன்லைன் சலான் என்றால் வண்டி நம்பரைப் போட்டால் வந்துவிடும், இது பழைய கைச் சலான், கோர்ட்டைக் கேளுங்கள். கடலூரில் பெரிய கோர்ட்டுக்குப் போனார். அங்கே ஜன்னலுக்குள் இருந்த ஆள், சாப்பிட்டுக்கொண்டே, இது சிதம்பரத்துக் கேஸ், சிதம்பரத்துக்குப் போங்க என்றார். சிதம்பரத்திலிருந்துதான் வெயிலில் பஸ் மாறி வந்திருக்கிறார் மனுஷன்! முதல் ஜன்னலிலேயே அதைச் சொன்னால் யார் வீட்டுச் சொத்து கரைந்துவிடும்?

"ஊர்ல உள்ளவன்லாம் போன்ல தட்டிப் பாக்கறான், பூவராகன் குடிகாரன்னு. அது ஒரு நிமிஷத்துல தெரியுது. அதுக்குப் பின்னாடி இருக்கிற காகிதத்த நான் பாக்கணும்னா மட்டும் ஊரு ஊரா அலையணுமா?" என்று அங்கேயே கத்தினார். ஜன்னல் ஆள் தயிர்ச்சாதத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மங்கலம் கேட்டாள். அவர் பெண்டாட்டி. அவர் கோபத்துக்குப் பயப்படாத ஒரே ஆள் அவள்தான்.

"பேப்பர் கெடச்சிதா?"

"கெடைக்கல."

"யாரோ உன் பேர்ல கோர்ட்டுல நின்னுருக்கான். அவன் யாருன்னு மொதல்ல பாரு. காகிதத்த அப்பறம் தேடலாம்."

அப்படி அடுத்தவன் பேரில் நிற்கிற ஆட்கள் யார் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த இடத்தில், பூவராகன் சொந்த வேன் ஓட்டிய காலத்தில் இருந்த வேன் ஸ்டாண்டின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எந்தப் போலீஸ் ஸ்டேஷன் என்று நான் சொல்லப்போவதில்லை. மாசக் கடைசியானால் அந்த ஸ்டேஷனுக்குக் கேஸ் கணக்கு வேண்டும். ரோட்டில் நின்று பிடிக்க அவர்களுக்கு நேரமில்லை, மனசுமில்லை. ஸ்டாண்டுத் தலைவர் சுப்புராயனுக்கு ஒரு போன் வரும். அவர் ஸ்டாண்டிலிருந்து சில பேர்களையும் லைசென்ஸ் நம்பர்களையும் எழுதிக் கொடுப்பார். இந்த மாசம் உன் பேர், அடுத்த மாசம் என் பேர். சீட் பெல்ட் போடவில்லை, நோ பார்க்கிங், இப்படி ஏதாவது சின்ன கேஸ் என்று நம்பிக்கொண்டு கொடுப்பார்கள். அபராதம் பொதுப் பணத்திலிருந்து போய்விடும். எல்லோரும் கோர்ட்டுக்குப் போனால் சவாரி போய்விடுமே, அதனால் முறை வைத்து ஒரே ஒரு ஆள் போவான். எந்தப் பேரைக் கூப்பிட்டாலும் அவன்தான் எழுந்து நின்று ஆமாங்கய்யா என்பான். அவன்தான் எல்லாப் பேரிலும் கையெழுத்துப் போடுவான். அதற்குப் பதிலாக ஸ்டேஷன்காரர்கள் ரோட்டில் அந்த ஸ்டாண்டு வேனை மறிக்க மாட்டார்கள். இதைத் தப்பு என்றே யாரும் நினைத்ததில்லை. கோவில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற மாதிரி கொடுத்துவந்தார்கள்.

பூவராகன் நேராக ஸ்டாண்டுக்குப் போனார். அவர் மனசில் ஒரு பேர் ஏற்கெனவே விழுந்திருந்தது. ராஜவேல். மங்கலத்தின் தம்பி. அந்தக் காலத்தில் சவாரி இல்லாமல் சும்மா நின்றது அவன்தான், கோர்ட்டுக்கு அடிக்கடி போனதும் அவன்தான். வேனைத் துடைத்துக்கொண்டிருந்தவனின் சட்டையைப் பிடித்தார்.

"ஏண்டா, அக்கா புருஷன் குடிகாரன்னு கோர்ட்டுல போய்ச் சொல்லிட்டு வந்தியா?"

"மாமா, சட்டைய வுடு மாமா. எத்தினி வாட்டி போயிருக்கோம், எவன் கேட்டான், எவன் சொன்னான், எனக்கு என்னா ஞாபகம் இருக்கும்?"

"ஞாபகம் இல்லியா? நான் தொட்டது கெடையாதுன்னு தெரியுமில்ல உனக்கு? என் பேரச் சொல்லிக் குடி கேஸுன்னு படிக்கறப்ப வாயத் தொறந்து இல்லன்னு சொல்ல முடியல?"

"யாரு மாமா படிக்கறாங்க அங்க? பேரக் கூப்புடுவாங்க, தலைய ஆட்டணும், வந்துடணும். உனக்குத் தெரியாதா?"

ஓங்கி ஒரு அறை விட்டார். ஸ்டாண்டே எழுந்து வந்து பிரித்தது. அன்றோடு மச்சானிடம் பேச்சை நிறுத்தினார். மங்கலம் தம்பிக்குப் போன் செய்தால் கூட, அந்தப் போனை வெளியே கொண்டுபோய்ப் பேசு என்றார்.

சிதம்பரம் கோர்ட்டில் நகல் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. ஸ்டாம்பு ஒட்டி மனு கொடுத்தால், பழைய கட்டுகளில் தேடி நகல் போட்டுத் தருவார்கள். இருந்தால்! சின்னக் கேஸ் கட்டுகளைச் சில வருஷத்தில் அழித்துவிடுவார்களாம். அழித்துவிட்டால் என்ன செய்வது என்று இவர் கேட்டதற்கு, ஒன்றும் செய்ய முடியாது, இணையதளத்தில் இருப்பதுதான் இருக்கும் என்று பதில் வந்தது. நன்றாக இருக்கிறதல்லவா நியாயம்? காகிதம் கரையானுக்கு, அவப்பேர் மட்டும் நிரந்தரம்.

நல்லவேளையோ கெட்டவேளையோ, அந்தக் கட்டு அழியவில்லை. நகல் பிரிவில் இருந்த அம்மாள் கட்டை எடுத்து வைத்துப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். பூவராகன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். கையெழுத்தைப் பார்த்து, இது என் கையெழுத்து இல்லை என்று இன்னொரு தடவை மேஜையில் அடித்துச் சொல்வதற்குத் தயாராக, மூச்சைக் கூட இழுத்து வைத்திருந்தார்.

மிஷினில் ஊதினார், போதையில் இருந்தார். குற்றச்சாட்டு படித்துக் காட்டப்பட்டது. ஒப்புக்கொண்டார். கீழே கையெழுத்து.

அது அவருடைய கையெழுத்துதான்.

முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு, கடைசியில் ஒரு கோடு இழுத்து, ரேஷன் கார்டில் போடுகிற அதே கையெழுத்து. எவனும் பார்த்துப் போட்டதில்லை. அவர் போட்டது. அப்போதுதான் அந்த நாள் ஞாபகம் வந்தது. கோர்ட்டுக்குப் போகிற முறை அன்றைக்கு அவருடையது. பிச்சாவரம் போகிற பார்ட்டி ஒன்று வேனில் காத்திருந்தது. ஏட்டு காதோரம், சீக்கிரம் சொல்லிட்டு ஓடுய்யா என்றார். ஒவ்வொரு பேராகக் கூப்பிடக் கூப்பிட ஆமாங்கய்யா, ஆமாங்கய்யா என்று தலையை ஆட்டினார். நடுவில் அவர் பேரும் வந்தது. அதற்கும் ஆட்டினார். என்ன கேஸ் என்று அவரும் கேட்கவில்லை, யாரும் படித்துக் காட்டவும் இல்லை. நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு, பார்ட்டி கத்துமே என்று ஓடிவந்தார்.

அந்த அம்மாள் பக்கத்தைத் திருப்பினார். அடுத்த பக்கம் ஸ்டாண்டு டிரைவர் பக்கிரி பேர், அதற்கடுத்தது பொன்னுரங்கம். அதிலெல்லாம் இருந்த கிறுக்கலும் இவர் கை கிறுக்கியதுதான்.

"உங்க கையெழுத்து இல்லன்னு சொன்னீங்களே, பாத்தீங்களா?" என்றார் அம்மாள்.

திட்டுவதற்கு ஆள் இல்லாமல் பூவராகனுக்குக் கோபம் வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ராஜவேலை அறைந்த கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

பிரிசில்லா மேடத்திடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மேடம் முழுதும் கேட்டார்.

"நான் நம்பறேன், பூவராகன். நீங்க குடிக்கறவரு இல்லன்னு எனக்குத் தெரியாதா? ஆனா உங்க கையெழுத்துன்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு அந்தப் பேரண்ட்ஸ் வந்து நின்னா, எதைக் காட்டி நான் பேசறது?"

பூவராகன் வேன் சாவியை மேஜையில் வைத்தார். பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு அந்த வேன் அவர் தெரு வழியாகத்தான் போனது. யாரோ ஒரு பிள்ளை ஜன்னலில் இருந்து வேன் தாத்தா என்று கத்திக் கையை ஆட்டியது. அவர் உள்ளே போய்விட்டார். மங்கலம்தான் வாசலில் நின்று கையை ஆட்டினாள், அழுதுகொண்டே.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே, பழையபடி ஸ்டாண்டுக்கே வந்தார். கூலிக்கு ஒரு வேன் ஓட்டினார். மாசக் கடைசி வந்தது. சுப்புராயன் பேர் கேட்டு வந்தார்.

"பூவராகா, இந்த மாசம் உன் பேரையும் சேத்துக்கறேன்."

"சேக்காத."

"அட, உனக்குத்தான் ஏற்கெனவே கெட்ட பேரு வந்தாச்சே. இன்னொண்ணு வுழுந்தா உனக்கு என்னா நட்டம்?"

சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஜோக் அடிக்கிறாராம்! பூவராகனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது, ஆனால் அவர் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. சேக்காத, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தாத பூவராகனைப் பார்த்துத்தான் ஸ்டாண்டில் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

சுப்புராயனை நம்பாமல், கேஸ் எடுக்கிற நாளில் பூவராகன் கோர்ட்டுக்குப் போய்க் கடைசியில் சுவரோரம் நின்றார். புதிதாக வந்த நீதிபதி, ஒரு அம்மாள். முன்னால் ராஜவேல் நின்றான். அன்றைக்கு முறை அவனுடையது. ஒரு பேர் கூப்பிட்டார்கள், ஆமாங்கம்மா என்றான். இன்னொரு பேர், ஆமாங்கம்மா.

"பூவராகன்!"

ராஜவேல் ஒரு கணம் தயங்கினான். பக்கத்தில் நின்ற ஏட்டு அவனை முறைத்தார்.

"ஆமாங்கம்மா" என்றான்.

"பூவராகன் நான்தாங்கம்மா!"

சுவரோரத்திலிருந்து வந்த சத்தத்தில் பேனாக்கள் எல்லாம் நின்றன. ஏட்டு ஓடிவந்து அவர் கையைப் பிடித்து, பெரிசு, சும்மா இரு, உன் மச்சான் உள்ள போயிடுவான், நீயும்தான் போவ என்று பல்லைக் கடித்தார். அது உண்மைதான். பூவராகனுக்கும் அது தெரியும்.

"அவர வுடுங்க," என்றார் நீதிபதி. "நீங்க பூவராகன்னா, இவரு யாரு?"

"என் மச்சான், ராஜவேலு. அவன் மேல தப்பு இல்லீங்கம்மா, இங்க இதான் வழக்கம். மொதல்ல என்னா கேஸ்னு படிங்கம்மா. ஒரு வாட்டியாச்சும் எனக்குக் கேக்கற மாதிரி படிங்க."

அம்மாள் தாளை எடுத்தார். குடிபோதையில் வாகனம் ஓட்டியது என்று நிதானமாகப் படித்தார். மறுபடியும் அதே கேஸ். படித்துவிட்டு, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா," என்றார் பூவராகன். கோபம் அடங்கவில்லை. "இதுவும் பொய், பழசும் பொய். அன்னிக்கு இந்த எடத்துல நின்னு, பக்கிரிக்கும் பொன்னுரங்கத்துக்கும் எல்லாருக்கும் ஆமாங்கய்யான்னு சொன்னது மட்டும் நான்தான். அத ஒத்துக்கறேன். எழுதிக்குங்க."