சீராகப் போன கன்னி

அம்மாவின் தம்பியான எங்கள் மாமா லாரி ஓட்டுகிறவர். ஒருமுறை கோவில்பட்டிக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றப் போனவர், திரும்பும்போது ஓர் அட்டைப்பெட்டியில் இரண்டு நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தார். திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில் எங்கள் ஊர். தெருநாயைத் தவிர வேறு நாயை அங்கே யாரும் பார்த்ததில்லை. இரண்டு குட்டிகளும் சந்தன நிறம். நீண்ட மூஞ்சி, குச்சிக் கால்கள், முதுகோடு ஒட்டிய வயிறு. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "இன்னாடா, கஞ்சி ஊத்தாத ஊர்லேர்ந்து புடிச்சாந்தியா?" என்றாள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வேட்ட நாய் பெரிம்மா, ஒல்லியாத்தான் இருக்கும். இது கன்னி. அது சிப்பிப்பாறை."

"ஆம்பள நாய்க்கு இன்னாத்துக்குடா கன்னின்னு பேரு?" என்று அப்பா கேட்டார்.

"அந்தப் பக்கம் கல்யாணப் பொண்ணுக்கு சீரோட சீரா குடுப்பாங்களாம் மாமா. அதான் அந்தப் பேராம்."

அக்காவுக்குக் கண்டமங்கலத்துப் பக்கம் மாப்பிள்ளை பார்த்து, பத்திரிகையும் அடித்து முடிந்திருந்த நேரம் அது. மாப்பிள்ளை வீடு வயல் கொல்லைக்கு நடுவே தனியாக இருந்தது. காவலுக்கு ஒரு நாய் இருந்தால் தேவலை என்று அவர்களும் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார்கள். ஒரு குட்டி நம் வீட்டுக்கு, ஒன்று அக்காவோடு என்று அப்பா முடிவு செய்தார். எது யாருக்கு என்பதுதான் பாக்கி. "படிக்கிற புள்ள சொல்லட்டும்" என்று என்னைப் பார்த்தார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஐந்தாவதைத் தாண்டிய முதல் ஆள். அக்கா மூன்றாவதோடு நின்றவள். நான் பிறந்ததும் என்னை இடுப்பில் வைத்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. உர மூட்டையில் எழுதியிருப்பதிலிருந்து பஸ்ஸின் பெயர்ப்பலகை வரை எல்லாவற்றையும் நான்தான் வீட்டுக்குப் படித்துச் சொல்வேன். அந்த வருடம் உயர்திணை, அஃறிணை படித்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு வீட்டில் யாரையும் பேச விடவில்லை. "அக்கா தூங்குது" என்று அம்மா சொன்னால், "தூங்குறாள்னு சொல்லும்மா. தூங்குதுன்னா மாடு" என்பேன். அக்கா சிரிப்பாள். "இருக்கட்டும்டி. மாடு மட்டும் இன்னா மட்டமா?"

பரீட்சைக்குப் படிப்பதுபோலக் குட்டிகளைப் படித்தேன். கன்னியின் நெஞ்சில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. வேறு வித்தியாசம் தெரியவில்லை. மாமாவின் போனில் தேடி உரக்க வாசித்தேன். கன்னிக்குக் கூச்சம் அதிகம், ஒருவரிடம்தான் ஒட்டும், இடம் மாறினால் ஏங்கிப்போகும் என்று இருந்தது. சிப்பிப்பாறைக்கும் ஏறக்குறைய அதே வரிகள்தான். கடைசியில் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொன்னேன். கல்யாணப் பெண்ணுக்குக் கன்னி, வீட்டுக்குச் சிப்பிப்பாறை.

"பாத்தியா, படிச்சவ படிச்சவதான்" என்றார் அப்பா.

குட்டிகள் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதுங்கள பிரிக்காதீங்கப்பா. ரெண்டும் இங்கயே இருந்துட்டுப் போவட்டுமே."

"ரெண்டுத்துக்கும் ஆக்கிப் போட யாராலடி ஆவும்?" என்று அம்மா அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

கார்த்திகையில் கல்யாணம். கழுத்தில் மஞ்சள் கயிறோடு, குட்டியானை வண்டியில் பீரோவுக்கும் அண்டாவுக்கும் நடுவே கன்னி போனது. ஊரே நின்று சிரித்தது.

அதற்குப் பிறகு அக்கா போனில்தான். போன் அவள் வீட்டுக்காரருடையது. எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும். பின்னால் மாமியார் இருமுவதுகூடக் கேட்கும். நான் எடுத்த எடுப்பில் கன்னியைத்தான் விசாரிப்பேன்.

"இருக்குதுடி. சோறுதான் எறங்க மாட்டேங்குது அதுக்கு."

"முட்ட போட்டுப் பாருக்கா."

"யார் வந்தாலும் மூலையில ஒடுங்கிக்கினு கெடக்குது. ராத்திரி ஆனா பயப்படுது."

"புது எடமாச்சே, அப்படித்தான் இருக்கும்னு மாமா போன்ல போட்டிருந்துச்சி" என்று நான் விளக்கினேன். இன்னொரு நாள், "அடிச்சாகூட கத்த மாட்டேங்குது" என்றாள். எதற்கு அடிக்கிறார்கள் என்று கேட்டேன். "கொழம்ப கொட்டிடுச்சி" என்றாள். பிறகு, "அப்பாவ ஒரு தபா வந்து அத இட்டுக்கினு போவ சொல்லுடி" என்றாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே மல்லாட்டைக் கொல்லைக்கு ஓடினேன். அப்பா கடலைச் செடிக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தார். "அக்கா வந்து இட்டுக்கினு போவ சொல்லுதுப்பா."

மண்வெட்டி அப்படியே நின்றது. "எத?"

"கன்னிய."

அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சீரா குடுத்தத திருப்பி இட்டாந்தா ஊரு சிரிக்கும். பழகிடும்னு சொல்லு."

"பழகிடுமாம்க்கா" என்றேன் போனில்.

"சரிடி" என்றாள்.

பொங்கல் வரிசை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் கண்டமங்கலம் போனோம். கன்னிக்காக ஒரு பொறை பிஸ்கட் பொட்டலம் என் கையில் இருந்தது. அக்கா வாசலுக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. நான் அவளை நின்று பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். பூவரச மரத்தில் வெறும் சங்கிலி, துருப்பிடித்துக் கிடந்தது. புல் அறுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கேட்டேன்.

"அந்த ஒல்லி நாயா? வந்த வாரமே ரோட்டுக்கு ஓடி லாரியில அடிபட்டுச்சே பாப்பா."

முன்வாசலுக்கு வந்து, எல்லோர் எதிரிலும் கத்தினேன். "கன்னி எப்பவோ செத்துப்போச்சாம்! இத்தினி நாளா எங்கிட்ட பொய் சொல்லிக்கினு இருந்தியா?"

அக்கா மாமியாரைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா வரிசைத் தட்டில் கரும்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அக்கா என்னிடம் திரும்பிச் சிரித்தாள். "ஆமாண்டி. பொய்தான்."

புறப்படும்போது அவள் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. பஸ்ஸில் அப்பாவைக் கேட்டேன். "நாய்தான் இல்லியே. அப்ப எது சாப்ட மாட்டேங்குதுன்னு அக்கா சொல்லிச்சி?"

"ஜன்னல சாத்து. தூசி வருது" என்று அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தூசி ஒன்றும் வரவில்லை.

விழுப்புரத்தில் பஸ் மாறினோம். திண்டிவனம் வரை அழுதேன். வீட்டில் சிப்பிப்பாறை ஓடிவந்து மேலே தாவியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் அழுதேன். பொறைப் பொட்டலம் கையிலேயே நொறுங்கியிருந்தது. அழுததெல்லாம் நாய்க்காக.