குளத்தில் இறங்கும் முன் கழுவியவர்

காலை ஆறு இருபது. மகளின் கண்ணாடித் தொட்டியிலிருந்த இரண்டு வெளிநாட்டுத் தவளைகளில் ஒன்று மல்லாந்து கிடந்தது. வயிற்றுத் தோல் கந்தலாக உரிந்திருந்தது. பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தவை. கடைக்காரருக்கு போன் செய்தேன். "அந்த லாட்டே அப்டித்தான் மேடம், இங்கயும் ஒண்ணொண்ணா சாவுது. மிச்சம் கீறத ஏரில வுட்ருங்க, புண்ணியமாப் பூடும்," என்றார் கொட்டாவி விட்டபடி.

புண்ணியம் என்ற சொல்லில் விழுந்துவிட்டேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலேயே ஏரி. உயிரோடிருந்ததை அதில் விட்டு, தொட்டித் தண்ணீரையும் அங்கேயே கவிழ்த்தேன். சேறு மிதித்த காலோடு திரும்பி, வாசலில் நீல மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றப் போனபோது கை அப்படியே நின்றது. லேப் அக்கா நினைவுக்கு வந்தார்.

நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த நாட்களில் அவர் அங்கே விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ரயிலில் வருவார். மழைக்காலம் வந்தால் பேராசிரியரோடு குளம் குளமாகத் தவளை பார்க்கப் போவார். ஊரே குளத்திலிருந்து ஏறிய பிறகு கால் கழுவும். அவர் இறங்கும் முன் கழுவுவார். மக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, ரப்பர் பூட்ஸ், வலை எல்லாவற்றையும் நனைத்துக் காயவிட்ட பிறகுதான் அடுத்த குளம்.

"இன்னாக்கா, குளத்துக்குத் தீட்டா?" என்று நான்தான் கிண்டலை ஆரம்பிப்பேன்.

"நம்ம தீட்டுதாம்மா. ஒரு பூஞ்சை கீது, கண்ணுக்குத் தெரியாது. தவள தோலாலதான் தண்ணி குடிக்கிது, மூச்சு வுடுது. அந்தத் தோல்லயே போய் ஒக்காந்துக்கும். வெளிநாட்டுல தவள சத்தமே இல்லாத ஓடைங்க கீதாம். ஒரு செருப்பு ஈரம் போதும்," என்பார். ஏழு வருடம் சிரித்தேன்.

இதைச் சொன்னபோது மகள் கேட்டாள்: "அப்ப ஏரித் தவளையெல்லாம் நம்மளால சாவுமா?" வனத்துறை, மாநகராட்சி என்று ஒவ்வொரு உதவி எண்ணாக போன் செய்தேன். ஓரிடத்தில், "பாம்புன்னா சொல்லுங்க, ஆள் அனுப்புறோம்." இன்னோரிடத்தில் சிரிப்பு மட்டும். எந்த ஏரி என்றுகூட யாரும் கேட்கவில்லை. கடல் தாண்டிக் கொண்டுவந்தவனையும் கேட்க நாதியில்லை, விற்றவனையும் கேட்க நாதியில்லை. சீக்கு வந்த உயிரை விற்கிறவன் கூடவே புண்ணியத்தையும் விற்கிறான். அதை வாங்க என்னைப் போல் படித்தவள் ஒருத்தி போய் நிற்கிறாள். அவனுக்குச் சொல்ல ஆளில்லை என்றாவது வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஆள் இருந்தார்.

கடைசியில் லேப் அக்காவுக்கே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்பதரைக்கு அவரே வந்தார், ஷேர் ஆட்டோவில். முடி முழுக்க நரைத்திருந்தது. கையில் வலை, வெள்ளைப் பொடி கட்டிய பை. திட்டுவார் என்று நின்றேன்.

"செத்தத தூக்கிப் போடல இல்ல? கவர்ல கட்டி ஐஸ்ல வை, பரிசோதிக்கக் குடுப்போம்," என்றார். பிறகு மகளிடம் குனிந்தார். "அந்தச் சீக்குதானான்னு தெர்ல கண்ணு. நம்மூர்த் தவளைய அது இன்னா பண்ணும்னும் யாருக்கும் சரியாத் தெரியாது. வுட்டதத் தேடுவோம். இப்போ கத்துது பாரு, கேக்குதா? நெதமும் கேளு. சத்தம் கொறஞ்சா எனக்குச் சொல்லு."

என் நீல மக்கை எடுத்துப் பொடியைக் கரைத்தார். தன் பூட்ஸை நனைத்தார், பிறகு என் செருப்பை. மக்கை வாசற்படிக்கு வெளியே, ஏரிப் பக்கமாக வைத்தார்.

"இது இங்கயே கெடக்கட்டும். ஊட்டுக்குள்ள வர்றப்ப கழுவாட்டி போவுது. அந்தாண்ட போறப்ப கழுவு."