லொறியிலிருந்து வந்த இரண்டு விளக்குகள்

நாங்கள் கொக்குவிலில் குடியிருந்தபோது என் கணவர் ஒரு பழைய கார் வாங்கினார். கன்வஸ் கூரை போட்டது. பல வருடம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஒரு அப்போதிக்கரியிடம் இருந்து, அவர் வேறு கார் எடுத்தபோது எங்களிடம் வந்தது. எஞ்சின் நல்லது. முன்விளக்குகள்தான் மோசம். எரிகின்றனவா இல்லையா என்று இறங்கிப்போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

அவர் பட்டணத்தில் ஒரு கந்தோரில் கணக்கெழுதும் கிளாக்கர். கையில் குறடு இருந்தால் சாப்பாட்டையும் மறந்துவிடுவார். கலியாணமாகி வந்த முதல் மாதமே எங்கள் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டினார். அது பிறகும் ஓடியது. அடிக்கிற மணி மட்டும் எந்த நேரத்துக்கும் பொருந்தவில்லை. நான் மணியை எண்ணாமல் முள்ளைப் பார்க்கப் பழகிக்கொண்டேன். அவருடைய முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஞாயிறுதோறும் சாவகச்சேரிக்குப் போவோம். என் தகப்பனார் அங்கே என் தம்பி குடும்பத்தோடு இருந்தார். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயா எங்களை வெயில் இருக்கும்போது திருப்பி அனுப்பியதே இல்லை. பின்னேரத் தேத்தண்ணி, பிறகு பலாப்பழம், பிறகு கட்டித் தருவதற்கு முருங்கைக்காய் என்று இழுத்துக்கொண்டே போவார். புறப்படும்போது மைமல் இருட்டாகிவிடும். வழியில் லாம்பில்லாத வண்டிகள், தெருவில் படுத்திருக்கும் மாடுகள். ஒருநாள் வைக்கோல் ஏற்றிய வண்டியொன்றின் பின்பக்கத்தில் மோதாமல் தப்பியது மயிரிழையில். கார் நின்றபோது வைக்கோல் எங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமையே அவர் இரண்டு விளக்குகளோடு வந்தார். உடைத்து விற்ற ஒரு லொறியின் விளக்குகள். குத்துவிளக்கைத் துடைப்பதுபோல் அவற்றைச் சாம்பல் போட்டுத் துடைத்தார். முன் பம்பருக்கு மேலே, தாழ்வாக, இரும்புப் பட்டை வைத்துப் பூட்டினார்.

"தாழ வைச்சால்தான் தெரு தெரியும். மேல உள்ளது தூரத்துக்கு, இது காலடிக்கு," என்றார்.

வயர் விஷயத்தில்தான் பிழை விட்டார். அழைப்பு மணிக்குப் போடுகிற மெல்லிய வயர் கொஞ்சம் வீட்டில் கிடந்தது. அதையே எடுத்துப் பற்றறியிலிருந்து நேரே விளக்குக்கு இழுத்துவிட்டார். பற்றறி இருந்தது நான் இருக்கும் பக்கத்தில், கால் வைக்கும் பலகைக்கு அடியில்.

அந்த ஞாயிறு ஐயாவுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில், பட்டப்பகலிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு சாவகச்சேரிக்குப் புறப்பட்டார். கைதடி தாண்டியபோது எனக்கு ஒரு மணம் வந்தது.

"இஞ்சாருங்கோ, ஏதோ கருகுது."

"வயலுக்கை வைக்கோல் கொளுத்துகினம்."

"வயலில்லை. என்ரை காலுக்குக் கீழை."

அவர் குனிந்து பார்க்குமுன் புகை வந்துவிட்டது. காரை ஓரமாக நிற்பாட்டினார். நான் காலுக்குக் கீழே கிடந்த தும்பு மிதியடியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். அது அங்கே கிடந்து புகைந்தது. பலகையைக் கிளப்பினோம். வயரின் மேலுறை உருகி, செம்பு சிவந்து கிடந்தது. அவர் அதை வெறுங்கையால் பிடித்துப் பற்றறியிலிருந்து இழுத்தார். வயர் கழன்று வந்தது. இரண்டு விரல் வெந்து போயிற்று. பெற்றோல் குழாய் அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். பிறகு விளக்கில்லாமல் மிச்ச வழியைப் போனோம்.

ஐயாவிடம் விரல் விஷயத்தைச் சமையல் விபத்தென்று சொன்னார். ஐயா என்னைப் பார்த்து, "நீ ஏன் பிள்ளை அவரைச் சமைக்க விடுறாய்?" என்று கேட்டார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுப்பைப் பார்ப்பதுபோலக் குசினிக்குள் போய்விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "இனி உந்த லைற் சரியெண்டு என்ரை கண்ணாலை காணாமல் நான் காரிலை ஏறமாட்டன்."

அவர் கோபிக்கவில்லை. "நீர் சொல்லுறது நியாயம்," என்றார். மறுநாள் கந்தோரால் வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு, காருக்குக் கீழே புகுந்தார். எது எங்கே பிழையாய்ப் போனது என்று தேடி, எனக்கும் காட்டினார். எஞ்சினுக்கும் எங்கள் இருக்கைக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஓட்டை போட்டு வயரை விட்டிருந்தார். ஓட்டையின் விளிம்பு கத்திபோல இருந்தது. கார் ஆட ஆட அது மேலுறையை அறுத்து, செம்பு தகட்டில் முட்டியிருக்கிறது. தடித்த வயராக இருந்தாலும் அது சுட்டிருக்கும். மெல்லிய வயர் என்றபடியால் இன்னும் கெதியில் சுட்டது. இடையில் பியூஸ் ஒன்று இருந்திருந்தால் முதலிலேயே அறுந்து எல்லாவற்றையும் காப்பாற்றியிருக்கும்.

அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வீட்டு வளவு கராஜ் ஆகிவிட்டது. இந்த முறை பற்றறியைக் கழற்றி மாமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் தொடங்கினார். விரல்மொத்தத்தில் பாதியாவது இருக்கும் வயர் வாங்கி வந்தார். பற்றறிக்குப் பக்கத்திலேயே பியூஸ் பெட்டியைப் பூட்டினார். தகட்டு ஓட்டையின் விளிம்பை அரத்தால் ராவி, ரப்பர் வளையம் ஒன்றை இறுக்கினார். விளக்கு பூட்டிய இடத்தில் பெயின்றைச் சுரண்டி வெறும் இரும்பைக் காணும் வரை தேய்த்தார். "மின்சாரம் திரும்பிப் போற வழியும் நல்லா இருக்கவேணும்," என்றார்.

என் பங்கும் இருந்தது. பழைய சைக்கிள் ரியூபை நீளமாக வெட்டி, வயரைச் சுற்றி வைத்து, தடித்த நூலால் உறைபோலத் தைத்தேன். தையல் மெசினுக்கு அது ஏறவில்லை, கையால்தான் தைத்தேன். பெற்றோல் குழாய்ப் பக்கம் போகாமல், மற்றப் பக்கத்தால் அவர் அதைக் கொண்டுபோய், இடைக்கிடை வார் போட்டுக் கட்டினார். என் தையலைத் தடவிப் பார்த்து, "சட்டைக்கு இவ்வளவு நெருக்கமாத் தைச்சதை நான் காணேல்லை," என்றார்.

"சட்டை தீப்பிடிக்காது," என்றேன்.

எல்லாம் முடிந்ததும் நான் கண்ணால் காண ஒரு சோதனை செய்தார். விளக்குப் பக்கத்து வயர் நுனியை வேண்டுமென்றே காரின் இரும்பில் தொட்டார். கடுகு வெடித்ததுபோல ஒரு சின்னச் சத்தம். பியூஸ் அறுந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை.

"பியூஸ் செத்துது, நாங்கள் பிழைச்சம்," என்றார். புதுப் பியூஸ் போட்டு, விளக்கை எரிய விட்டார். மாமரத்தடி, கிணற்றுக்கட்டு, வேலி வரை வெளிச்சம் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, உங்கை திருவிழாவோ?" என்றார்.

அந்த மாரிகாலத்தில் அது எங்களுக்கு உண்மையாகவே தேவைப்பட்டது.

சாவகச்சேரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். அன்று பின்னேரமே வானம் கறுத்துவிட்டது. நாவற்குழிக்கு வரும்போது மழை சாய்ந்து அடித்தது. கடல்நீரேரிக்கு நடுவால் போகும் தெருவுக்கு இந்தப் பக்கம், மூன்று மாட்டுவண்டிகள் நின்றன. மறுநாட் சந்தைக்குப் பலாப்பழம் ஏற்றியவை. வண்டிக்காரர்களின் லாம்புகள் காற்றில் அணைந்திருந்தன. மாடுகள் முன்னே போக மறுத்து நின்றன. வெள்ளம் தெருவில் ஏறி, தெரு எது, நீரேரி எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாக இருந்தது.

முன்வண்டிக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். குளிரில் பல் அடித்தது.

"ஐயா, மாடு இறங்கமாட்டன் எண்டு நிக்குது. நீங்கள் முன்னாலை போனால் பிறகாலை வரப் பாப்பம்."

"ஓம், போவம். மாட்டின்ரை நடையிலையே போறன்," என்றார் என் கணவர்.

முதலில் மேல் விளக்குகளை எரித்தார். அந்த மங்கல் வெளிச்சம்கூட மழையில் பட்டு வெள்ளைச் சீலைபோல எங்கள் மேலேயே திரும்பி விழுந்தது. அவற்றை அணைத்துவிட்டுத் தாழ்ந்த இரண்டையும் போட்டார். தெருவோரத்தில் சுண்ணாம்பு பூசிய கற்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. "உது போதும். மெல்லப் போனால் டைனமோ குடுக்கிற கரண்ட் எல்லாத்துக்கும் போதாது," என்றார்.

முன்னுக்கு வெளிச்சம் இருந்தது. பின்னால் வருகிறவர்களுக்கு எங்கள் சின்னச் சிவப்பு விளக்கு போதவில்லை. நான் வண்டிக்காரரின் அரிக்கன் லாம்பை வாங்கி, பின் இருக்கைக்கு ஏறி, ஈரம்படாத நெருப்புப்பெட்டியால் கொளுத்தினேன். பின்பக்கக் கன்வஸின் சின்ன யன்னலுக்கு நேரே அதை உயர்த்திப் பிடித்தேன். கார் நகர்ந்தது. முதல் சோடி மாடு கொஞ்சம் யோசித்தது. பிறகு என் லாம்பைப் பார்த்துக்கொண்டு காலை வைத்தது.

"வருகினமோ?" என்று அவர் கேட்டார்.

"வருகினம். கொஞ்சம் மெதுவா."

"இதைவிட மெதுவெண்டால் நிக்கவேணும்."

"அப்ப நில்லுங்கோ. மூண்டாம் வண்டி தங்கிப்போச்சு."

நின்றார். மூன்றாவது வண்டி வந்து சேர்ந்ததும் நகர்ந்தார். இருட்டிலும் தயங்காமல் ஓட்ட ஆசைப்பட்டு விளக்குப் பூட்டிய மனிதர், அந்தத் தெரு முழுவதும் மாட்டின் நடையிலேயே போனார். ஒருதரமும் சலிக்கவில்லை. நீரேரிக்கு நடுவில் உள்ள பாலத்தில் ஏறும்போது மட்டும் "முருகா" என்று மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கீழே மணம் வருகிறதா என்று இடைக்கிடை முகர்ந்து பார்த்தேன். பலாப்பழ வாசமும் ஈரக் கன்வஸ் வாசமும்தான் வந்தன.

அரியாலைப் பக்கம் தெரு மேடானதும் நிறுத்தினோம். முன்வண்டிக்காரர் வந்து லாம்பைத் திருப்பி வாங்கினார்.

"தங்கச்சி, கை நோகேல்லையே?"

"இல்லை அண்ணை," என்றேன். நொந்தது. தோளிலிருந்து விரல் வரை மரத்துப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர் நல்லெண்ணெய் சூடாக்கி என் கையில் தேய்த்துவிட்டார். ஈர வேட்டியைக்கூட மாற்றாமல் அதைச் செய்தார்.

விடியப் பார்த்தால் பற்றறி இறங்கிப்போய்க் கார் அசையவில்லை. சைக்கிளில் கந்தோருக்குப் போனார். பின்னேரம் வந்து, மழை, வண்டிகள், பாலம் எல்லாவற்றையும் கந்தோரில் சொன்னதாகவும், எல்லாரும் வேலையை விட்டுக் கேட்டதாகவும் சொன்னார். கந்தோர்ப் பெரியவர்கூடத் தன் அறையிலிருந்து எழும்பி வந்து கேட்டாராம்.

"லாம்பு பிடிச்சது ஆர் எண்டு சொன்னீங்களோ?"

சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"அதைத்தான் முதல் சொன்னன்," என்றார்.