தாய்மாமனுக்குக் கீரை

என் கல்யாணத்தில் குப்பையே சேரக் கூடாது என்று விதைத் தாளில் பத்திரிகை அடித்தது நான்தான். படித்து முடித்ததும் மண்ணில் ஊன்றினால் முளைத்துவிடும்.

எங்கள் ஊர் மீனாட்சிபுரத்தில் படிக்காமலே ஊன்றிவிட்டார்கள்.

இன்று காலை பால் சொசைட்டியில் என் தாய்மாமாவைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏனுங்க மாமா, கோவமா?"

"எனக்கென்ன கோவம் அம்மணி. பக்கத்தூட்டுக்காரனுக்குத் தக்காளி மொளைச்சிருக்குது. நானும் வேப்பம்புண்ணாக்கெல்லாம் போட்டுப் பாத்தேன். கீரைதான் வருது. தாய்மாமன்னா அவ்வளவுதான்."

அச்சகத்தில் எல்லா விதையையும் கலந்துவிட்டார்கள், நான் ஆள் பார்த்துக் கொடுக்கவில்லை என்று விளக்கினேன். பின்னால் கேனோடு நின்ற அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம்.

"புள்ளைக்கு எம்மேல தனிப் பிரியமுங்க" என்றார்.

மாமா விறுவிறுவென்று நடந்தார். சீர் கொண்டுவர வேண்டியவர். பின்னாலேயே ஓடினேன்.

"நாளைக்கே தக்காளி நாத்து கொண்டாந்து தர்றனுங்க மாமா."

நின்றார். "ரெண்டாக் கொண்டா. அவனுக்கு ஒண்ணுதான் மொளைச்சிருக்குது."

"கல்யாணத்துக்கு வந்துருவீங்கல்லங்க?"

"வராம இருப்பனா? என்னைக்குன்னு சொல்லு."

"பத்திரிகைல போட்டிருந்தனே மாமா."

"அது மண்ணுக்குள்ள கெடக்குது."

விசாரித்துப் பார்த்தேன். தக்காளி எப்போது காய்க்கும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது. முகூர்த்தம் என்றைக்கு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் என்ன முளைத்தது என்று கமெண்டில் சொல்லுங்கள். தக்காளி என்றால் மட்டும் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வாருங்கள். மாமா ஃபேஸ்புக்கில் இருக்கிறார்.