வராதவளுக்கும் மார்க்

பல்லால் நூலைக் கடித்து, பிசிறை உதட்டிலிருந்து எடுத்துப் போட்ட பிறகுதான் நளீரா பகடையை உருட்டுவாள். எண் குறைவாக விழுந்தால் பகடையைத் திட்டமாட்டாள். பக்கத்தில் இருப்பவளுக்கு என்ன விழுந்தது என்று எட்டிப் பார்ப்பாள்.

பதுளை கடைவீதிக்குப் பின்னால் அவள் வீடு. முன்னறையில் தையல் மெஷின், வெட்டுமேசை, சுவரோரம் தைத்து முடித்த பள்ளிச் சீருடைகள். வேறு யாராவது தைத்த சட்டையோடு ஒருத்தி வந்தால், பேச்சுக்கு நடுவிலேயே அவளுடைய கைமடிப்பைத் திருப்பி உள்தையலைப் பார்த்துவிடுவாள். “மோசமில்ல” என்பாள். அன்றைக்கு முழுவதும் மெஷின் வேகமாக ஓடும்.

சனிக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் நான்கு பேர் அந்த அறையில் கூடுவோம். கணக்கு டீச்சர் கமலாம்பிகைக்கு லண்டனிலிருக்கும் தம்பி எண்பத்தொன்றில் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே ஒரு விளையாட்டு. அதற்குப் பலகை கிடையாது. டீச்சர் கதை சொல்லுவார்: காடு, குகை, பூதம். நாங்கள் ஆளுக்கொரு வீராங்கனையாக அந்தக் கதைக்குள் போவோம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல, பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். முடிவில் டீச்சர் கொப்பியில் அனுபவப் புள்ளி போடுவார். புள்ளி சேரச் சேர வீராங்கனை படிப்படியாக உயர்வாள், வலுவும் கூடும். அனுபவப் புள்ளி என்ற சொல் நளீராவின் வாயில் நுழையவில்லை. அவளுக்கு அது மார்க்.

எங்களில் நான்காமவள் தனபாக்கியம். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பஸ் ஓடினால் வருவாள். பாதை சரிந்தால் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வந்தால் பெரிது. ஆனால் வந்த அன்று கதையே வேறாகிவிடும். குகை வாசலைக் காக்கும் பூதத்தை எப்படி வெட்டுவது என்று ஒருநாள் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவள், “பாவம், எத்தன நாளா இங்கேயே நிக்குதோ. பசிக்குதான்னு கேட்டுப் பாப்போமே” என்றாள். பூதம் வழிவிட்டது. அதையே மூன்று வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதே நாளில் நளீரா தனியாக ஏழு ஓநாய்களைக் கொன்றிருந்தாள். அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

வராத வாரங்களுக்கும் டீச்சர் தனபாக்கியத்துக்குப் புள்ளி போட்டு வந்தது ஒருநாள் கொப்பியைப் புரட்டியபோது தெரிந்தது. நளீரா மெஷினை நிறுத்தினாள்.

“நான் ஒரு சனிக்கிழமயும் தவற உடல்ல டீச்சர். வராத ஆளுக்கும் அதே மார்க் எண்டா, வந்த எனக்கு என்ன ஈக்குது?”

“எல்லாரும் ஒரே அளவிலை நிண்டால்தான் கதை நகரும். உங்களுக்குப் பொருத்தமான பூதம் அடிச்சால் அவவால தாங்கேலாது” என்றார் டீச்சர்.

விளையாட்டு நடப்பதே உன் வீட்டில்தான், அவளோ மூன்று மைல் நடந்து பஸ் பிடிக்கிறாள் என்று நானும் சொல்லிவைத்தேன். அது அவளை இன்னும் கிளறிவிட்டது. அடுத்த இரண்டு வாரம் டீச்சரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் டீச்சர் இறங்கி வந்தார். இனி வந்தவர்களுக்கு மட்டும் புள்ளி.

நான்கு மாதத்தில் நளீராவின் வாள்வீராங்கனை ஐந்தாம் படிக்குப் போனாள். தனபாக்கியத்தின் வில்லாளி இரண்டாம் படியிலேயே நின்றாள்.

கார்த்திகை மழையில் ஒரு சனிக்கிழமை. பஸ் பாதி வழியில் நின்றுவிட, மீதித் தூரத்தை நடந்தே, முழங்கால்வரை சேற்றோடு தனபாக்கியம் வந்து சேர்ந்தாள். அவள் உட்கார்ந்து கால்மணி நேரம் ஆகவில்லை, இருட்டுக்குள்ளிருந்து ஒரு பூதம் பாய்ந்தது. முதல் அடி நளீராவுக்கு. அவளுக்கு அது வெறும் சிராய்ப்பு. அதே அளவு அடி அடுத்து வில்லாளிக்கு. டீச்சர் இரண்டு முறை கூட்டிக் கழித்துப் பார்த்தார். வில்லாளி செத்துப்போனாள்.

திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தனபாக்கியம் தையல் கூடையிலிருந்து, கொக்கி வைக்காத ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள். “பரவாயில்லங்க. நீங்க வெளையாடுங்க, நான் கொக்கி தச்சுத் தர்றேன்.”

அவள் போனதும் நளீரா அந்தக் கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பிறகு ஆறு வாரம் தனபாக்கியம் வரவில்லை. நளீரா ஆறாம் படி ஏறினாள். டீச்சரும் நானும் ஒவ்வொரு சிக்கலிலும், தனபாக்கியம் இருந்தால் இங்கே என்ன செய்திருப்பாள் என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

“வந்தாலும் அவட பேச்சு, வராட்டியும் அவட பேச்சு” என்றாள் நளீரா.

தைப் பொங்கல் கழிந்த சனிக்கிழமை தனபாக்கியம் வந்தாள். டீச்சர் அவளுக்குப் புதிய வில்லாளி ஒருத்தியை எழுதிக் கொடுத்தார். முதலாம் படி, புள்ளி பூச்சியம். குகைக்குள் அதே பூதம் காத்திருந்தது. நளீரா அந்தப் பூச்சியத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டீச்சரின் கையிலிருந்த பென்சிலையும் அழிறப்பரையும் கேட்டு வாங்கினாள். அப்படியொரு விதி இல்லை என்று டீச்சர் மெல்லச் சொன்னார். அவள் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தாள். தன் பெயருக்கு நேரே இருந்த அறுநூற்று நாற்பதை அழித்தாள். தனபாக்கியத்தின் பெயருக்கு நேரே முந்நூற்றுப் பத்தொன்பது என்று எழுதினாள். தன்னுடையதற்கு நேரே, பென்சிலை அழுத்தி, முந்நூற்று இருபத்தொன்று.